பிளாட்பாரம் எந்த எடத்துல அறுந்து போகுதுன்னு பாருங்க: நடைபாதை பத்தி ஒரு எளிய விளக்கம்

எங்க அம்மாவுக்கு 71 வயசு, இடுப்புல ஆபரேஷன் ஆனதுல இருந்து வாக்கர் வச்சு தான் நடக்குறாங்க. நாங்க இருக்கறது வடசென்னையில தண்டையார்பேட்டை பக்கம். 2021 பிப்ரவரியில வண்ணாரப்பேட்டையில இருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துச்சு இல்லையா, அந்த ஸ்டேஷன் எங்க வீட்டுல இருந்து 600 மீட்டர் தான். உள்ள லிஃப்ட் இருக்கு, தரை சமமா இருக்கு, வாக்கரோட நேரா ரயில் வரைக்கும் போயிடலாம். ஆனா ரொம்ப நாள் வரைக்கும் அம்மா அதுல ஒரு தடவை கூட ஏறல, காரணம் ஸ்டேஷனுக்கு வெளிய இருக்கற அந்த 600 மீட்டர்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கூட்டம் இல்லாத நேரமா பாத்து ஒரு அளவு டேப் எடுத்துக்கிட்டு அந்த வழி பூரா நடந்தேன். பாத்தா பிளாட்பாரம் முக்காவாசி நல்லா தான் இருக்கு. மொத்தமே நாலு எடம் தான் கெட்டுப் போயிருக்கு, ஒரு எடத்துல மழைநீர் வடிகால் மேல போட்ட ஸ்லாப் ஒடஞ்சிருக்கு, ஒரு எடத்துல டிபன் கடை படி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, ஒரு எடத்துல கரண்ட் பாக்ஸ் நட்ட நடுவுல நிக்குது, அப்புறம் ஒரு சந்து வர்ற எடத்துல பிளாட்பாரம் திடீர்னு ஒரு அடி கீழ எறங்குது. எல்லாத்தையும் கூட்டினா 20 மீட்டர் கூட தேறாது. யாராச்சும் கணக்கு போட்டா 97 சதவீதம் நல்லா இருக்குன்னு தான் எழுதுவாங்க, ஆனா அம்மாவுக்கு அந்த வழி முழுசாவே இல்ல, ஏன்னா மொதல் எடத்துலயே அவங்க ரோட்டுல எறங்கணும், எறங்கினா கன்டெய்னர் லாரி.

இந்த கட்டுரையில நான் சொல்ல வர்றது இது தான். நடைபாதைங்கறது ஒரு சங்கிலி மாதிரி, நல்லா இருக்கற எடத்த வச்சு அத அளக்க முடியாது, எந்த எடத்துல அறுந்திருக்குன்னு தான் பாக்கணும். வீட்டு வாசல்ல இருந்து பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, ஸ்கூல், ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு தடவை கூட ரோட்டுல எறங்காம, தடுக்கி விழாம, யாரோட கையையும் புடிக்காம போக முடிஞ்சா அது தான் எல்லாருக்குமான நடைபாதை.

எல்லாருக்கும்னா யாருக்கு? மாற்றுத்திறனாளிங்கன்னு மட்டும் நெனச்சிடாதீங்க. புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு கையில பையோட போற அம்மா, கர்ப்பிணி, முட்டி வலிக்காரங்க, கண்ணு சரியா தெரியாதவங்க, ஸ்கூல் பை தூக்கிக்கிட்டு ஓடுற பசங்க, காசிமேட்டுல இருந்து கூடையில மீன் எடுத்துட்டு வந்து தெருத்தெருவா விக்கிற அக்காங்க, எல்லாரும் இதுல வருவாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் ஒரு அரை மணி நேரம் நின்னு பாருங்க, கால்ல கட்டோட, ஊன்றுகோலோட எத்தன பேர் நடந்து வர்றாங்கன்னு தெரியும். வடசென்னையில நெறைய பேருக்கு கார் கிடையாது, நடந்து போய் பஸ்ஸோ ரயிலோ புடிக்கிற ஜனங்க தான் அதிகம். அதனால பிளாட்பாரம் இங்க அழகுக்கான விஷயம் இல்ல, அது தான் எங்க ரோடு. மத்திய அரசு கணக்குப்படி 2022-ல இந்தியாவுல ரோடு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர், அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர்.

சரி, ஒரு நல்ல பிளாட்பாரம் எப்படி இருக்கணும்? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ரோடு போடுறதுக்கு விதிமுறை எழுதுற அமைப்பு ஒண்ணு இருக்கு, 2012-ல அவங்க போட்ட நடைபாதை விதி (ஐ.ஆர்.சி 103) மூணு நம்பர் சொல்லுது. தடங்கல் இல்லாம நடக்க கொறஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும், தலைக்கு மேல 2.2 மீட்டர் வரைக்கும் எதுவும் தொங்கக் கூடாது, ரோட்டுல இருந்து பிளாட்பாரம் 15 சென்டிமீட்டருக்கு மேல ஒசரம் போகக் கூடாது. இந்த மூணு நம்பர மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, பாதி விஷயம் புரிஞ்ச மாதிரி.

1.8 மீட்டர் எப்படி வந்துச்சுன்னா, ஒரு வீல்சேர் கையால தள்ளிக்கிட்டு போக 90 சென்டிமீட்டர் வேணும், எதிர்ல இன்னொரு வீல்சேர் வந்தா இன்னொரு 90. டேப் இல்லாதவங்க மழை நாள்ல பாருங்க, குடை புடிச்சுக்கிட்டு போற ரெண்டு பேர் எதிரெதிரா வந்து ஒருத்தர் குடை ஒருத்தர் குடையில இடிக்காம போக முடியுதா? முடிஞ்சா ஓரளவு அகலம் இருக்குன்னு அர்த்தம். இந்த 1.8 மீட்டர்ங்கறது பிளாட்பாரத்தோட மொத்த அகலம் கெடயாது, மரம், கம்பம், கரண்ட் பாக்ஸ், கடை போர்டு, நிறுத்தி வச்ச பைக் எல்லாம் போக மிச்சம் இருக்கற அகலம். எங்க வழியில பிளாட்பாரம் மொத்தம் 2 மீட்டர், பேப்பர்ல பாத்தா பாஸ். ஆனா அந்த கரண்ட் பாக்ஸ் பக்கத்துல மிச்சம் இருந்தது 45 சென்டிமீட்டர். அம்மாவோட வாக்கர் 60.

இதுக்காகத் தான் பிளாட்பாரத்த மூணு பட்டையா பிரிக்கணும்னு சொல்றாங்க. கட்டடத்த ஒட்டி ஒரு சின்னப் பட்டை, அது கடைக்கு வர்றவங்க நின்னு பாக்கறதுக்கு. ரோட்ட ஒட்டி ஒரு பட்டை, மரம், லைட் கம்பம், பாக்ஸ், பஸ் ஸ்டாப், தள்ளுவண்டி எல்லாம் அதுல. நடுவுல இருக்கறது நடக்கறதுக்கு மட்டும், அதுல ஒரு பூத்தொட்டி கூட வரக் கூடாது. இப்படி பிரிச்சுட்டா சண்டை பாதி கொறையும், ஏன்னா எல்லாருக்கும் எடம் எதுன்னு தெரியும்.

இப்ப சாய்வு பத்தி சொல்லணும், இத தான் நெறைய பேர் தப்பா பண்றாங்க. வீல்சேர் ஏறுற சரிவுக்கு கணக்கு 1:12. அப்படின்னா ஒரு சென்டிமீட்டர் ஒசரத்துக்கு 12 சென்டிமீட்டர் நீளம் வேணும், 15 சென்டிமீட்டர் ஒசரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். ஆனா தெருவுல நாம பாக்கறது என்ன, ஒரு அடி ஒசரத்துக்கு ரெண்டு அடி நீளத்துல சிமென்ட் பூசி வச்சிருப்பாங்க, அது பைக் ஏத்தறதுக்கு போட்டது, அதுல வீல்சேர் ஏத்தினா பின்னாடி சாயும், வாக்கர் வச்சா முன்னாடி வழுக்கும். மழை பெஞ்சு பாசி புடிச்சா நல்லா நடக்கறவங்களே விழுவாங்க. சரிவு இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு டிக் போடாதீங்க, எவ்ளோ நீளம்னு பாருங்க.

பிளாட்பாரத்த ரொம்ப ஒசரமா கட்டினா பாதுகாப்புன்னு ஒரு நெனப்பு இருக்கு. பைக்காரங்க ஏற முடியாதுன்னு. எங்க தெருவிலயே ஒரு பெரியவர் அப்படித் தான் சொன்னாரு. ஆனா ஒசரமா கட்டினா மொதல்ல ஏற முடியாம போறது வயசானவங்க தான், அவங்க ரோட்டுலயே நடப்பாங்க. பைக்க தடுக்கணும்னா சரிவு எறங்குற எடத்துல குட்டைத் தூண் வைக்கலாம், ஆனா ரெண்டு தூணுக்கு நடுவுல வீல்சேர் போற அளவு எடம் விடணும். சில எடத்துல தூண நெருக்கி நெருக்கி வச்சு வீல்சேரையும் சேத்து தடுத்துட்டாங்க.

டிபன் கடை படி விஷயத்துக்கு வர்றேன், அதுல தான் எனக்கு நெறைய புரிஞ்சுது. எனக்கு அந்த கடைக்காரர் மேல முன்னாடியே கோவம் இருந்துச்சு. நேரா போய் கேட்டேன், “அண்ணே, எங்க அம்மாவால இங்க தாண்ட முடியல, இந்தப் படிய உள்ள தள்ளிக்க முடியுமா”ன்னு. அவரு சொன்னாரு, “நான் இன்னா தம்பி பண்றது, ரோடு போடுற ஒவ்வொரு தபாவும் ரோடு ஏறுது, கடை எறங்குது, மழை வந்தா மாவு மூட்டை வரைக்கும் தண்ணி. அதான் ஏத்தி கட்டுனேன், ஏத்தினா படி வெளிய தானே வரும்.” அவரு சொன்னது உண்மை. ஒரு தடவை தார் போட்டா 4, 5 சென்டிமீட்டர் ஏறும். பழசச் சுரண்டாம அது மேலயே மூணு நாலு தடவை போட்டா அரை அடி ஏறிடும். ரோடு ஏறுனா மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரும், வீட்டுக்காரங்க வாசல ஏத்துவாங்க, வாசல ஏத்துனா படி பிளாட்பாரத்துல வரும், படி வந்தா நடக்கறவங்க ரோட்டுக்கு எறங்குவாங்க. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்புன்னு மழைக்கு தண்ணி நிக்கற எந்த ஏரியாவுல பாத்தாலும் இதே கதை தான். பழைய தார சுரண்டி எடுத்துட்டு தான் புது ரோடு போடணும்னு தமிழ்நாடு அரசு 2021-லயே சொல்லிடுச்சு. அதனால உங்க தெருவுல ரோடு போட வந்தாங்கன்னா மொதல் கேள்வி, “சுரண்டுவீங்களா?” இது பிளாட்பாரத்துக்கு சம்பந்தமே இல்லாத கேள்வி மாதிரி தெரியும், ஆனா பிளாட்பாரம் கெடறது இங்க தான் ஆரம்பிக்குது.

வடிகால் ஸ்லாப்பும் அதே மாதிரி. நம்ம பக்கம் பாதி பிளாட்பாரம் வடிகால் மேல போட்ட மூடி தான். தண்ணி போற வேலையும் நடக்கற வேலையும் ஒரே எடத்துல நடக்குது, தப்பில்ல, ஆனா தூர் வார ஸ்லாப்ப தூக்கினவங்க திரும்ப சமமா வைக்கணும். ரெண்டு ஸ்லாப்புக்கு நடுவுல ஒரு இஞ்ச் ஏத்த எறக்கம் போதும், வாக்கர் கால் மாட்டிக்கும். கண்ணு தெரியாதவங்க குச்சி இடுக்குல சிக்கும். மழையில தண்ணி முட்டி வரைக்கும் நிக்கும்போது ஒடஞ்ச ஸ்லாப் எங்கன்னு யாருக்குத் தெரியும், அது தான் உயிருக்கே ஆபத்து. நாலு எடத்துல எத மொதல்ல சரி பண்ணனும்னு கேட்டா நான் ஸ்லாப்பத் தான் சொல்லுவேன்.

மஞ்ச கலர்ல புடைப்பு வச்ச டைல்ஸ் பாத்திருப்பீங்க, மெட்ரோ ஸ்டேஷன்லயும் இருக்கும். அது டிசைனுக்கு போட்டது இல்ல. ஜப்பான்ல செய்இச்சி மியாகேன்னு ஒருத்தர் 1965-ல கண்டுபுடிச்சாரு, 1967-ல ஒகயாமா ஊர்ல பார்வையில்லாதவங்க ஸ்கூல் பக்கத்துல மொதல் தடவையா போட்டாங்க. அதுல நீளமா கோடு கோடா இருந்தா “நேரா போ”, புள்ளி புள்ளியா இருந்தா “நில்லு, முன்னாடி ஏதோ இருக்கு”. கால்லயும் குச்சியிலயும் தடவிப் பாத்து போவாங்க, கொஞ்சம் பார்வை இருக்கறவங்களுக்கு மஞ்ச கலர் ஒதவும். அழகுக்குன்னு நெனச்சு ரெண்டையும் மாத்தி போட்டா, இல்ல கோடு நேரா போய் ஒரு கம்பத்துல முட்டுற மாதிரி போட்டா, அது இல்லாம இருக்கறதே மேல். அது மேல பைக் நிறுத்தறவங்க தயவு செஞ்சு யோசிங்க, உங்களுக்கு அஞ்சு நிமிஷம், அவங்களுக்கு வழியே அது தான்.

பிளாட்பார கடைங்க பத்தி பேசாம இத முடிக்க முடியாது. நடைபாதைன்னு பேச ஆரம்பிச்சாலே “மொதல்ல கடைய எல்லாம் தூக்குங்க”ன்னு தான் சொல்லுவாங்க. நான் அத ஒத்துக்க மாட்டேன். வண்ணாரப்பேட்டையில துணிக்கடைங்க நெறைஞ்ச எம்.சி ரோடு தீபாவளி நேரத்துல எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும், நடக்க எடம் இருக்காது, உண்மை தான். ஆனா அந்த கடைய நம்பி சாப்பிடறவங்களும் நம்ம ஜனங்க, அங்க வாங்கி உடுத்தறவங்களும் நாம தான். 2014-ல தெரு வியாபாரிகள் சட்டம் வந்துச்சு, அதுப்படி விற்பனைக் குழு அமைச்சு எங்க கடை போடலாம் எங்க கூடாதுன்னு முடிவு பண்ணனும், அந்த குழுவுல கொறஞ்சது 40 சதவீதம் வியாபாரிங்க இருக்கணும். அப்ப ரோட்ட ஒட்டின பட்டைய அவங்களுக்கு ஒதுக்கி, கோடு போட்டு, நடுப்பட்டைய விட்டுடுங்கன்னு கேக்கலாம். இன்னொண்ணு, எங்க வழியில ராத்திரி ஒம்போது மணிக்கு மேல பொண்ணுங்க தைரியமா நடக்கறாங்கன்னா அதுக்கு பூக்கார அக்கா கடை லைட்டும் அவங்க கண்ணும் தான் காரணம். அவங்க இல்லாத அன்னைக்கு அந்த வழி இருட்டு. தெருவிளக்கு பெரும்பாலும் வண்டி போற ரோட்டுக்கு தான் வெளிச்சம் காட்டுது, மரத்துக்குக் கீழ பிளாட்பாரம் இருட்டா தான் கெடக்கு. பாதுகாப்புன்னா தடுக்கி விழாம இருக்கறது மட்டும் இல்லீங்க.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் உள் சந்துங்கள்ல பிளாட்பாரமே போட முடியாது, தெருவே பத்து பதினஞ்சு அடி தான். அங்க வண்டியோட வேகத்த கொறைக்கறது தான் வழி, எல்லாரும் ஒரே தரையில மெதுவா போகணும். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் போட்டு நிக்கிற தூரம் நாலு மடங்காகும், 60-ல வர்ற வண்டிக்கு 30-ல வர்றத விட நாலு மடங்கு தூரம். ஸ்பீட் பிரேக்கர் போடணும்னா அதுக்கும் அளவு இருக்கு, 3.7 மீட்டர் அகலத்துக்கு 10 சென்டிமீட்டர் ஒசரம். ராவோட ராவா சிமென்ட் கொட்டி செங்குத்தா ஒரு மேடு போட்டுடறாங்க, அதுல கர்ப்பிணிங்க ஆட்டோவுல போகும்போது என்ன ஆகும்னு யோசிக்கறதில்ல.

சந்து வந்து மெயின் ரோட்டுல சேர்ற எடம் இருக்கே, அங்க ஒரு நல்ல வழி இருக்கு. பிளாட்பாரத்த எறக்காம அதே மட்டத்துல சந்து வாய குறுக்க கொண்டு போயிடலாம். நடக்கறவங்க எறங்கி ஏற வேணாம், வண்டி தான் ஏறி எறங்கணும், தானா மெதுவா வரும். மழைத்தண்ணி போக அடியில குழாய் விடணும், அத மறந்துட்டா சந்து பூரா கொளம் ஆயிடும்.

சிக்னல் பத்தியும் ஒரு வார்த்தை. ரோட்ட தாண்டுற நேரத்த வழக்கமா செகண்டுக்கு 1.2 மீட்டர்னு கணக்கு போடுவாங்க, 15 மீட்டர் ரோட்டுக்கு 12 செகண்ட் சொச்சம். அம்மா மாதிரி வயசானவங்க செகண்டுக்கு 0.8 மீட்டர் போனாலே பெருசு, அவங்களுக்கு 19 செகண்ட் ஆகும். நடு ரோட்டுல நிக்கும்போது அந்த ஆறு செகண்ட் எவ்ளோ நீளம்னு அவங்கள கேட்டா தெரியும்.

கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்கா? இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது எடம் எல்லாம் அவங்க பயன்படுத்தற மாதிரி இருக்கணும்னு சொல்லுது. சென்னை மாநகராட்சி 2014-லயே நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு தனி கொள்கை கொண்டு வந்துச்சு, போக்குவரத்து பணத்துல 60 சதவீதம் இதுக்கு ஒதுக்கணும்னு அதுல இருக்கு. கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல போட்ட பொதுநல வழக்குல சுப்ரீம் கோர்ட் 2025 மே மாசம் தெளிவா சொல்லிடுச்சு, தடங்கல் இல்லாத, மாற்றுத்திறனாளிங்களும் நடக்கக் கூடிய நடைபாதை அரசியல் சாசனம் 21-வது பிரிவுல வர்ற உரிமை, அதாவது வாழ்ற உரிமையில அதுவும் சேத்தி. தி.நகர் பாண்டி பஜார்ல 2019-ல போட்ட நடைபாதை மாதிரி பளபளன்னு வேணும்னு நாங்க கேக்கல, சமமா, தொடர்ச்சியா இருந்தா போதும்.

எப்படி கேக்கறதுன்னா, “பிளாட்பாரம் சரியில்ல”ன்னு மொட்டையா சொல்லாதீங்க. எந்த தெரு, எந்த கடை எதிர்ல, எத்தன சென்டிமீட்டர், டேப் வச்சு ஒரு போட்டோ. மாநகராட்சி புகார் நம்பர் 1913, வார்டு கவுன்சிலர், ஏரியா சபைக் கூட்டம், எல்லா எடத்துலயும் அதே போட்டோ அதே அளவு. யார் வேலைன்னு கண்டுபுடிக்கறது தான் கஷ்டம், ஸ்லாப் ஒரு துறை, குடிநீர் மூடி ஒரு துறை, கரண்ட் பாக்ஸ் ஒரு துறை, ரோடு இன்னொரு துறை. ஒரு புகாருக்கு ஒரு விஷயம் மட்டும் எழுதுங்க, நாலையும் ஒண்ணா எழுதினா நாலு பேரும் அடுத்தவங்க வேலைம்பாங்க, நான் அப்படி எழுதி மூணு மாசம் போச்சு.

தனித்தனியா எழுதினப்புறம் ஸ்லாப் மாத்திட்டாங்க. டிபன் கடை அண்ணன் கொத்தனார கூப்ட்டு படிய பாதி உள்ள வெட்டி பக்கவாட்டுல திருப்பிட்டாரு, செலவு அவருதே. சந்து வாயில ஒரு சரிவு போட்டிருக்காங்க, அளந்தேன், 1:8 வருது, கொஞ்சம் செங்குத்து தான், நான் பின்னாடி புடிச்சா அம்மா ஏறிடறாங்க. கரண்ட் பாக்ஸ் மட்டும் பாக்கி. அந்த எடத்துல இன்னும் எட்டு அடி ரோட்டுல எறங்கித் தான் போறோம், பூக்கார அக்கா முன்னாடி வந்து கைய காட்டி வண்டிய நிறுத்துறாங்க. போன மாசம் அம்மா மொதல் தடவையா மெட்ரோவுல திருவொற்றியூர் தேரடி வரைக்கும் போய் கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்க. பாக்ஸுக்கு எழுதின புகார் நம்பர ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்காங்க, திங்கக்கிழமையானா எனக்கு முன்னாடி அவங்களே போன் பண்ணி கேக்கறாங்க.